காரணக் கட்டம் காலி

என் கைப்பையின் உள்ஜிப்பில், ஆதார் அட்டைக்குப் பின்னால், ஒரு சிவப்பு அட்டை இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மேலே ஒரு ஓட்டை, அதில் அழுக்கேறிய வெள்ளை நூல். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தத் தொழிற்சாலைக்காரரிடம் காட்டினாலும் பார்த்தவுடனே சொல்லிவிடுவார், இது ரிஜெக்ட் டேக் என்று. தேறாத பொருளை ஒதுக்கி வைக்கும்போது அதில் கட்டித் தொங்கவிடுவது. அட்டையில் நான்கு கட்டங்கள் அச்சடித்திருக்கும்: பொருளின் பெயர், கழித்ததற்கான காரணம், கழித்தவர் கையெழுத்து, தேதி. என்னிடம் இருக்கும் அட்டையில் முதல் கட்டம் மட்டும் நிரம்பியிருக்கிறது. அதில் நீலப் பேனாவில் என் பெயரும், அதன் கீழே 'எட்டாம் வகுப்பு' என்பதும் எழுதியிருக்கிறது. மற்ற மூன்று கட்டங்களும் பதின்மூன்று வருடமாகக் காலி.

எழுதியவள் என் சித்தி. அம்மாவின் தங்கை. என்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவள் என்பதால் சித்தி என்று கூப்பிடவே எனக்குச் சின்ன வயதில் வெட்கமாக இருக்கும். அவளோ அந்த மரியாதையை ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தாள். கம்பெனி விடுதியில் எட்டுப் பேரோடு ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்தவுடன் குளிப்பாள், சாப்பிடுவாள், அம்மாவோடு ஒரு சண்டை போடுவாள், அப்புறம் சாயந்திரம் வரைக்கும் தூங்குவாள். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. சண்டைக்கு விஷயம் தேவையில்லை. ரசத்தில் பெருங்காயம் போட்டதற்கும் போடாததற்கும் அவளிடம் ஒரே அளவு கோபம் இருந்தது. அவ்வளவு வாய் உள்ள ஒருத்தியை எந்தச் சூப்பர்வைசர் வைத்து மேய்க்கிறார் என்று அம்மா ஆச்சரியப்படுவாள்.

ஆனால் வேலையில் சித்தி வேறு ஆள். சர்க்யூட் போர்டுகளைப் பரிசோதிக்கும் இடத்தில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். சேர்ந்த புதிதில் ஒருநாள், கோணலாக இருந்த ஒரு போர்டை அப்படியே கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டாளாம். லைன் லீடர் அத்தனை பேர் முன்னாலும் அவளை எழுப்பி, தொட்டிக்குள் கையை விட்டு அந்தப் போர்டைத் தேடி எடுக்க வைத்தார். கழித்தது தப்பில்லை, காரணம் எழுதாமல் கழித்ததுதான் தப்பு என்றார். டேக் இல்லாமல் எதையும் தொட்டியில் போடக் கூடாது. கழிப்பவர் தன் கையெழுத்தைப் போட்டுத்தான் கழிக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இதை எங்களிடம் ஒரு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். பெருமையாகச் சொல்கிறாளா, அவமானத்தைச் சொல்லி ஆற்றிக்கொள்கிறாளா என்று எனக்குப் புரிந்ததில்லை. பின்னால் புரிந்தது.

என் கதைக்கு வருகிறேன். நான் படித்தது ஒரு தனியார் பள்ளி. ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ரோட்டோரம் பெரிய ஃபிளெக்ஸ் வைப்பார்கள். அந்த நூறு எப்படி வருகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். தேறாது என்று தோன்றும் பிள்ளைகளை முன்கூட்டியே கழற்றிவிடுவார்கள். அதற்குப் பள்ளி யாரையும் வெளியே அனுப்பியதாக ஒரு காகிதமும் இருக்காது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்டுக்கொள்கிறேன்' என்று பெற்றோரே எழுதிக் கொடுத்த கடிதம்தான் இருக்கும். நான் கணக்கில் மக்கு. எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் ஆங்கிலத்திலும் கோட்டை விட்டேன். ஜனவரியில் பள்ளி திறந்து இரண்டாவது வாரம் அம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

அம்மா அப்போது ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும், வாரப் பத்திரிகை ஒன்றை அட்டை முதல் அட்டை வரை விடமாட்டாள். ஆனால் வேலை இடத்துக் காகிதத்தை அவள் படித்ததே இல்லை. காரணம், கான்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் பத்துப் பன்னிரண்டு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் டிக் அடித்திருக்கும். டிக்கைத் தேடு, கையெழுத்துப் போடு, அடுத்த தாளுக்குப் போ. நின்று படித்தால் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், பஸ் கிளம்பிவிடும், சமயத்தில் வேலையே கிடைக்காமலும் போகும். எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே இப்படித்தான் கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறது. அன்று பள்ளியில் முதல்வர் அம்மாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, மூன்று தாள்களை நீட்டினார். மூன்றிலும் பென்சில் டிக் இருந்தது. அம்மா மூன்றிலும் போட்டுவிட்டு, நாற்காலி கொடுத்த மரியாதையை அன்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிப் பூரித்துப்போனாள். கம்பெனி பஸ் ஓட்டும் அப்பாவும் பூரித்துப்போனார்.

மறுநாள் வகுப்பு ஆசிரியை என்னிடம், உன் அம்மாவே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார், அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து நீ வர வேண்டாம் என்றார். சத்தமில்லாமல், தாழ்ந்த குரலில், கருணையோடு சொன்னார். அந்தக் கருணையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. நான் வீட்டில் சொல்லவில்லை. சனி ஞாயிறு முழுக்க வயிற்றுவலி என்று படுத்துக் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த சித்திதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்தாள். சொன்னேன். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, நான் எங்கே அப்படி எழுதிக் கொடுத்தேன் என்றாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். மூன்றாவது தாள் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"சரி வுடு" என்றாள் அம்மா கடைசியில். "படிச்சவங்க, யோசிக்காமயா செய்வாங்க. கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துட்டா போச்சு."

சித்தி வழக்கமாகக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அரசுப் பள்ளியில் படிப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை என்றாள். நாமே விரும்பிப் போனால் போகலாம், அவர்கள் தள்ளிவிட்டுப் போகக் கூடாது என்றாள். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். அவளையும் ஒன்பதாம் வகுப்பில் இதே மாதிரி ஒரு பள்ளி அனுப்பியிருக்கிறது. தாத்தா இதே மாதிரி சொந்த விருப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தனக்குப் படிப்பு வராது என்று அவளே நம்பி, இரண்டு வருடம் வீட்டில் கிடந்து, அப்புறம் தனித்தேர்வாக எழுதிப் பத்தாம் வகுப்பு முடித்து, பன்னிரண்டும் முடித்துத்தான் கம்பெனிக்குப் போனாள். "நான் இன்னா தப்பு பண்ணேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் அம்மாவிடம். "கேட்டாதான தெரியும். யாரும் கேக்கல." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று சித்தி தூங்கவில்லை.

அந்த வாரம் அவளுக்கு இரண்டாவது ஷிப்ட், மதியம்தான் பஸ். செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்ரீபெரும்புதூரில் இருந்த கல்வி அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் எனக்கு ஒரே பயம், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று. அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு விளக்குவது மாதிரி விளக்கினார்: கல்வி உரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஆறிலிருந்து பதினாலு வயது வரைக்கும் உள்ள பிள்ளையை, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பள்ளியும் வெளியேற்றக் கூடாது, தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும், மார்க் குறைவு என்பது காரணமே ஆகாது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என்னைப் பற்றி, மூன்று பாடத்தில் கோட்டை விட்ட என்னைப் பற்றி, யாரோ எங்கேயோ உட்கார்ந்து ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

ஆனால் அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். பள்ளி வெளியேற்றினால்தான் சட்டம் கேள்வி கேட்கும். பெற்றோரே விருப்பப்பட்டு டி.சி. கேட்டால் யாரைக் கேட்பது? அதனால் முதலில் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக அம்மா தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். டி.சி.யைக் கையில் வாங்கிவிட்டால் சிக்கல். பள்ளி மறுத்தால் புகார் எழுதிக்கொண்டு நேரே தன்னிடம் வரச் சொன்னார். சித்தி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள். "சட்டம் நம்ம பக்கம்தான் கீது. உங்கம்மாவதான் இழுத்துட்டு வரணும்" என்றாள்.

அதுதான் பெரிய வேலையாக இருந்தது. அம்மா மூன்று நாளும் மாட்டேன் என்றாள். பெரிய மனிதர்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது, இவளை அங்கே வைத்து வஞ்சம் தீர்ப்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, போட்ட கையெழுத்தை மாற்றிப் பேசுவது அசிங்கம். அம்மாவுக்குக் கையெழுத்து என்றால் சத்தியம் செய்தது மாதிரி. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயந்தவள் என்று அவளைச் சொல்லிவிடலாம்; ஆனால் வாழ்நாள் முழுக்க டிக் அடித்த இடத்தில் மட்டுமே பேச அனுமதிக்கப்பட்டவள் அவள். வெள்ளிக்கிழமை காலை அவள் வேலைக்கே கிளம்பிப் போய்விட்டாள். எல்லாம் முடிந்தது என்று நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். விடுதியிலிருந்து வந்த சித்தி அழ விடாமல் என்னைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். போனால், பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் கான்ட்ராக்ட்காரரின் பச்சைக் கோட்டோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டாளாம். ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முதல்வர் எங்கள் மூவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை என்று சொல்லத்தான் வேண்டும், மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் நல்லதுக்குத்தான் செய்வதாகவும், பத்தாம் வகுப்பில் தோற்றுப் போனால் பிள்ளையின் மனம் உடைந்துவிடும் என்றும் சொன்னார். பிறகு அம்மாவின் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, உங்கள் அக்காவே கேட்டிருக்கிறாரே என்று சித்தியைப் பார்த்தார்.

சித்தி வாயைத் திறக்கவில்லை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்த ஒரே சந்தர்ப்பம் அது. அம்மாதான் பேச வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

"டிக் போட்டிருந்த எடத்துல போட்டேன் சார்" என்றாள் அம்மா. "படிக்காம போட்டது என் தப்பு. ஆனா அது என் விருப்பம் இல்ல."

முதல்வர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்றார், எழுத மாட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். அம்மா நான்கு வரி எழுதினாள். முடித்த பிறகு அவள் கை தாளின்மேல் கொஞ்ச நேரம் அலைந்தது. டிக் எங்கே இருக்கிறது என்று அவளை அறியாமல் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பிறகு அவளே ஒரு இடம் பார்த்துப் போட்டாள்.

அப்போதுதான் சித்தி தன் டிபன் பையிலிருந்து சிவப்பு டேக்கை எடுத்தாள். கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுவருவது விதிப்படி குற்றம். எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவாள். முதல்வர் முன்னாலேயே முதல் கட்டத்தில் என் பெயரை எழுதி, டேக்கையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இவளக் கழிக்கறதுன்னா கழிங்க சார். இன்னா காரணம்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாங்க எடுத்துட்டுப் போறோம்."

முதல்வர் சிரித்தார். இது பள்ளிக்கூடம் அம்மா, ஃபேக்டரி இல்லை என்றார்.

"ஃபேக்டரிலயே எழுதுவோம் சார்."

அவர் பேனாவை எடுத்தார். டேக்கைத் திருப்பிப் பார்த்தார். சித்தி கல்வி அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்பதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், ரசத்தைப் பற்றிச் சண்டை போடும் குரலில் இல்லாமல், நிதானமாகச் சொன்னாள். அவர் எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டு, போய் வகுப்பில் உட்கார் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மாவின் பழைய கடிதத்தைச் சித்தி கேட்டு வாங்கி, அங்கேயே நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள். டேக்கை என்னிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் முதல் மதிப்பெண் வாங்கினேன் என்று எழுதினால் படிப்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நடக்கவில்லை. கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். சில ஆசிரியர்கள் என்னிடம் கேள்வியே கேட்க மாட்டார்கள். முழு ஆண்டுத் தேர்விலும் கணக்கு காலை வாரிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் திரும்பவும் ஒரு தடவை அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா தனியாகவே போய், காகிதத்தை மேஜையிலேயே வைத்துப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் வந்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் நாற்பத்தொன்று. அந்த வருடமும் ரோட்டோரம் நூற்றுக்கு நூறு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அந்த நூறில் நானும் இருந்தேன். ஃபோட்டோ மட்டும் போடவில்லை, போகட்டும்.

இப்போது நான் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. அடிப்படை உரிமைகள் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறேன். ஒரு பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாமா என்பது பற்றிச் சட்டத்தில் பின்னால் மாற்றங்கள் வந்தன. எட்டு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்பது அப்படியேதான் இருக்கிறது. சித்தியும் ஒரகடத்துக்கே வந்துவிட்டாள், கார் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். அவளுக்குக் கீழே இப்போது ஆறு பேர். பாவம் அவர்கள்.

போன மாதம் எங்கள் பள்ளி அலுவலகத்திலிருந்து என் மேஜைக்கு ஒரு உறை வந்தது. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரின் பெயர். பெற்றோரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கச் சொல்லி நான்கு கடிதங்கள். சொந்த விருப்பத்தின் பேரில். ஒவ்வொன்றிலும் அடியில் பென்சில் டிக். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, நான்கையும் ஸ்டாஃப் ரூமிலேயே கிழித்துப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. அன்று சாயந்திரமே ஒரு பையனின் அப்பா வந்தார், ஷிப்ட் முடிந்த சீருடையோடு. உட்காரக்கூட இல்லை. எங்கே மேடம் போடணும் என்று பேனாவை எடுத்தார். நான் அவரை உட்கார வைத்து, கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான்கு கடிதங்களையும் தாளாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவற்றோடு நான்கு வெள்ளைத் தாள்களையும் வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர், காரணம், கையெழுத்து, தேதி என்று கட்டம் போட்டிருந்தேன். அவர் நிரப்பவில்லை. நான் இன்னும் நிரந்தரம் ஆகாதவள் என்பதை ஞாபகப்படுத்தினார். இப்படியே போனால் உங்களையும் அனுப்ப வேண்டி வரும் என்றார். எனக்கு வீட்டுக் கடன் இல்லை, ஆனால் இந்த வேலை வேண்டும், எனக்குப் பிடித்த வேலை. அதையும் அவரிடமே சொன்னேன். சொல்லிவிட்டு, பையிலிருந்து அதே மாதிரி கட்டம் போட்ட இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து, அதன் முதல் கட்டத்தில் என் பெயரை எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

அன்று ராத்திரி சித்திக்கு ஃபோன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எழுதினாங்களா?" இல்லை என்றேன். "அப்ப காலைல நேரத்துக்குப் போ" என்று வைத்துவிட்டாள்.

போய்க்கொண்டிருக்கிறேன். இன்று காலையும் வருகைப் பதிவு எடுப்பதற்கு முன் கைப்பையைத் திறந்து சிவப்பு டேக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். பிறகு நான்கு பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டேன். மூன்று பேர் உள்ளேன் என்றார்கள். நான்காவது பையன் தாமதமாக ஓடிவந்து, மூச்சு வாங்கியபடி, பஸ் லேட் மேடம் என்று வாசலிலேயே காரணம் சொன்னான்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.